பழைய பாடத்திட்டத்தில் படித்த ஏழு பேர்

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நம்முடைய தமிழ் ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து நின்று சாட்சி சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என்னிடம் ஜெர்மன் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் ப்ரீ போர்டில், அதாவது இறுதித் தேர்வுக்கு முன் பள்ளியிலேயே வைக்கும் தேர்வில், எண்பதுக்கு மேல் வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினேன். நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். நாம் கூடும் வீட்டின் லில்லி அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

நான் சொன்ன மதிப்பெண்கள் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் படித்ததும், அந்தத் தேர்வுக்கு நான் வினாத்தாள் எடுத்ததும் பழைய பாடத்திட்டத்தில். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் முன்பே அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உங்கள் முன்னால் நின்று நன்றி சொன்னேன்.

இதை எழுதலாமா என்று லில்லி அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஆனா பாதியில நிறுத்தாத. கர்த்தர் செஞ்சதை மட்டும் எழுதாம நீ செஞ்சதையும் எழுது" என்றார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் பெயர் ஹெப்சிபா. ஊர் பாளையங்கோட்டை. கல்லூரி முடித்துவிட்டுச் சென்னையில் ஜெர்மன் படித்தேன். என் கணவர் ஜெபராஜுக்கு நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்த முதல் வருடம் பதினோராவது மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பெங்காலி தெரியாது. காய்கறிக்காரர் விலை சொன்னால்கூடப் புரியாது. அப்போதுதான் தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பள்ளியில் ஜெர்மன் ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டேன். அந்த வேலைக்காக நாம் எல்லாரும் சேர்ந்து ஜெபித்தோம். கிடைத்தது.

எனக்கு முன்னால் இருந்த ஆசிரியை வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு பென் டிரைவில் பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைத் திறந்தேன், படித்தேன், பாடம் நடத்தினேன். பதினொன்றாம் வகுப்பில் ஏழு பேர் ஜெர்மன் எடுத்தார்கள். அதே ஏழு பேரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நானே கொண்டுவந்தேன்.

என் வாழ்க்கையில் நான் எதிலும் முதலாவதாக வந்தவள் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் நான் நன்றாக இருந்தேன். மற்ற வகுப்பில் பேசாத பிள்ளைகள் என் வகுப்பில் பேசினார்கள். எந்தப் பெயர்ச்சொல் ஆண்பால், எது பெண்பால், எது இரண்டுமில்லை, எதற்கு முன்னால் டேர், டீ, டாஸ் போடுவது என்று சண்டை போட்டார்கள். எனக்குப் பெங்காலி சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்கள்தான். நவம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது சோஹினியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சோஹினிக்கு ஜெர்மன் மொழியையே கல்லூரியில் எடுத்துப் படிக்க ஆசை. வேறு ஊரில் ஒரு கல்லூரியைப் பார்த்து வைத்திருந்தாள். ஜெர்மனில் அறுபது வாங்கினால்தான் அங்கே விண்ணப்பிக்கவே முடியும். "ஆப்னி ஆச்சேன், ஆமார் சிந்தா நேய்" என்றார் அவள் அம்மா. நீங்கள் இருக்கிறீர்கள், எனக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். எனக்குப் பெங்காலி புரிய ஆரம்பித்திருந்த சமயம் அது.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. ப்ரீ போர்டு முடிவுகள் வந்துவிட்டன. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஊர்களில் ஜெர்மன் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் அதில் பேசுவதில்லை, படிப்பதும் அபூர்வம். அன்று யாரோ கேட்டிருந்தார்கள், நான்காவது கதைக்கு யாரிடமாவது குறிப்பு இருக்கிறதா என்று. அந்தக் கதையின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

வேறு வகுப்புக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் போர்டின் இணையதளத்தைத் திறந்தேன். அந்த வருடத்துப் பாடத்திட்டம் அங்கே இருந்தது. நான் நடத்திய கதைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. புதிதாக நான்கு கதைகள். நான் மாதக்கணக்கில் பழக்கிய அலுவல் கடிதம் எடுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பத்தியைப் படித்துச் சுருக்கி எழுதி, நம் கருத்தையும் சொல்ல வேண்டும். இலக்கணம் மட்டும் அப்படியே இருந்தது. பாதி வினாத்தாள் என் பிள்ளைகள் பார்த்திராதது. இந்த மாற்றம் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக ஒரே ஒரு முறைகூட நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. பென் டிரைவில் இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

யாரோ என்னைக் கேட்டார்கள், "ஹெப்சிபா, உடம்பு சரியில்லையா" என்று. ஒன்றுமில்லை என்றேன். அதுதான் முதல் பொய். சின்னப் பொய். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வெளியே வர வழி தெரியவில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். போர்டு தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை அசெம்பிளியில் பிரின்சிபல் என் பெயரைச் சொன்னார். ஜெர்மன் முடிவுகள்தான் எல்லா மொழிப் பாடங்களிலும் சிறந்தவை என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் ஏழு பேரும் பின்வரிசையில் நின்று சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். பிறகு அவர் மற்ற மொழி ஆசிரியர்களிடம், "ஹெப்சிபா வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். மறுவாரம் இரண்டு பேர் நோட்டுடன் வந்து என் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் பழைய கதை ஒன்றை நன்றாக நடத்திக் காட்டினேன்.

அதே வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு பாட ஆசிரியரும் பாடத்திட்டத்தை முடித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பியூன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் இன்னும் நான்கு அறைகளுக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

தினமும் நியூ டவுனிலிருந்து பள்ளிக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். பைபாஸில் வண்டி நகராது. அந்த நேரம் முழுவதும் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டவரே, போர்டு தவறுதலாகப் பழைய தாளைக் கொடுத்துவிடட்டும் என்று ஜெபித்தேன். தேர்வு தள்ளிப்போகட்டும் என்று ஜெபித்தேன். யாரும் அந்த இணையதளத்தைத் திறக்காமல் இருக்கட்டும் என்று ஜெபித்தேன். என்னை வெட்கப்படுத்தாதிரும் என்று கண்ணீரோடு கேட்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருநாள் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவ்வளவு ஜெபித்தும் எனக்குள் சமாதானம் வரவில்லை.

ரகசியமாகச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. புதிய கதைகளில் முதலாவதைப் பிரதி எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். கூடுதல் வாசிப்பு என்று சொன்னேன். ஏழு பேரில் அர்கோ என்று ஒரு பையன். உயரமானவன், எல்லாவற்றையும் நேராகக் கேட்பவன்.

"மிஸ், இது போர்டுக்கு வருமா?" என்று கேட்டான்.

"வராது. மொழிக்காகப் படிக்கலாம்."

"அப்ப தேர்வு முடிஞ்சு படிக்கிறேன் மிஸ். எனக்கு கணக்கு இன்னும் முடியலை."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. வரும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு பேரும் அன்றே படித்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இங்கே வந்து பாடினேன். உங்களில் ஒருவர் தன் மகளுக்குப் பிரெஞ்சு எடுக்கலாமா ஜெர்மன் எடுக்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். நானும் சொன்னேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். பள்ளிக்கூடம் முழுக்க மஞ்சள் பூவும் காகிதத் தோரணமும். மறுநாள் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள், பூஜையில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிப்பு விடுமுறை. ஆக அன்றுதான் அவர்களுக்குக் கடைசி வகுப்பு. வகுப்பு முடிந்து எல்லாரும் கோலம் போடும் இடத்துக்கு ஓடிவிட்டார்கள். சோஹினி மட்டும் நின்றாள். கையில் ஒரு ஸ்பைரல் பைண்டிங். டெல்லியில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகளும் இதே வருடம் ஜெர்மன் எழுதுகிறாளாம். அவள் அனுப்பியதைச் சோஹினி பிரிண்ட் எடுத்திருந்தாள். நான்கு கதைகள். முதல் கதையில் பென்சிலால் அர்த்தம் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"மிஸ், அவ இதுதான் சிலபஸ்னு சொல்றா. நம்மளுது வேற இல்ல?"

கர்த்தர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாருமில்லை. அந்தப் பிள்ளை எனக்குச் சாதகமாகவே கேட்டாள். ஆமாம் சோஹினி, தவறு என்னுடையது என்று சொன்னால் முடிந்திருக்கும்.

"அது வேற பிரிவுக்கு. உனக்கு இல்லை" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "நல்லவேளை மிஸ். நான் பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. சிறு வயதிலிருந்து ஜெபித்துப் பழகியவள் நான். அன்று கூப்பிட வாய் வரவில்லை. யாரிடம் என்ன கேட்பது.

அதற்குப் பிறகு பத்து நாட்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர்களுடைய அறையைக் கடந்துதான் நான் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஏழு நாற்காலியும் காலியாக இருக்கும். இந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வராத கதைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகியது. முதலில் ஒரு தவறைச் சொன்னால் போதும் என்றிருந்தது. பிறகு கையெழுத்தையும் சொல்ல வேண்டும். இப்போது சோஹினியையும் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை. நானும் ஜெபராஜும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஹெப்சி, நீ ஏன் குடும்ப ஜெபத்துல வாயத் திறக்கவே மாட்டேங்க?"

"ஆமென் சொல்லுதேனே."

"அது மட்டுந்தான் சொல்லுத. பத்து நாளா பாக்கேன். எதையோ வச்சுட்டு இருக்க. என்னன்னு சொல்லு."

சொன்னேன். மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோஹினியைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுந்து பால்கனிப் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கோபமாக இருப்பார் என்று பயந்தேன். கோபமாகத்தான் இருந்தார்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லிரு" என்றார்.

"வேலை போயிரும்."

"போகட்டும்."

"பேரு போயிரும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாங்க."

அவர், "அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டார். ஐந்து வாரம் என்றேன். "அப்ப திங்கக்கிழமையே சொல்லிரு. ஒரு நாளும் தள்ளாத" என்றார். பிறகு என் பக்கத்தில் முழங்கால் போட்டார். நானும் போட்டேன்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, இதை மறைத்துத் தாரும் என்று இனி கேட்கமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை பிரின்சிபல் அறைக்கு முன்னாலிருந்து நான் ஓடிவிடுவேன். என்னைப் போகவிடாதிரும். சொல்ல வாய் திறந்து தாரும். வேறொன்றும் வேண்டாம். இவ்வளவுதான் ஜெபித்தேன்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் பிரின்சிபல் அறைக்குப் போனேன். வெளியே இருந்த பியூன், பிரின்சிபல் அம்மா இன்னும் வரவில்லை, வந்ததும் அவர்களைப் பார்க்க யாரோ வருகிறார்கள் என்றார். என் உடம்பில் ஒரு ஆறுதல் பரவியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா, நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினேன். நான்கு அடி வைத்திருப்பேன். படிக்கட்டில் பிரின்சிபல் ஏறி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"ஹெப்சிபா, என்னைத் தேடி வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாகச் சொல்லிப் பழகிய வாய் அது. ஆனால், "ஆமாம் மேடம்" என்று வந்தது. என்னுடைய தைரியம் அல்ல அது. நான் கேட்டதைக் கர்த்தர் அந்தப் படிக்கட்டில் எனக்குக் கொடுத்தார். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரடியாக ஒரு ஜெபத்துக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஜனவரி இரண்டாம் வாரம்."

அவர் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "தவறு யாருக்கும் நடக்கும். பள்ளியும் கவனிச்சிருக்கணும், நானும் கவனிச்சிருக்கணும். ஆனா இந்த வாரங்களை நான் என்ன செய்யறது? அந்தப் பிள்ளைகளுக்கு யார் திருப்பிக் கொடுப்பாங்க?"

நடந்ததை எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். புதன்கிழமை ஏழு பேரின் பெற்றோரையும் வரவழைத்தார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. கத்தினவர்கள் இருந்தார்கள். கத்தாதவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சோஹினியின் அம்மா வேலையிலிருந்து நேராக, யூனிஃபார்முடனே வந்திருந்தார். கடைசியில் பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"என் பொண்ணு அந்தக் கதைகளைப் படிக்க ஆரம்பிச்சிருந்தா. நீங்க இல்லைன்னு சொன்னதும் அலமாரியில வெச்சுட்டா. நான்கூட சொன்னேன், ஒரு தடவை பாத்துக்கோன்னு. மிஸ் சொல்லிட்டாங்கம்மா, மிஸ்ஸுக்குத் தெரியாதான்னு என்கிட்ட சண்டை போட்டா."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைக்கவில்லை. எனக்கு அதை எதிர்பார்க்க உரிமையும் இல்லை.

இந்தக் கூட்டத்தை நினைத்து எத்தனையோ நாள் நடுங்கியிருக்கிறேன். அது நடந்து முடிந்து வெளியே வந்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது. அவமானமாக இருந்தது, ஆனாலும் மூச்சு வந்தது. ஆட்டோ நிறுத்தத்தில் நின்றுகொண்டு லில்லி அக்காவுக்குப் போன் செய்தேன். ஜனவரியில் நான் சொன்ன சாட்சி பொய் என்று முதலில் அவர்களிடம்தான் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகளுக்கு எங்க வச்சுப் பாடம் எடுக்கப் போற?" என்று கேட்டார்கள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. பள்ளியில் அறை கிடைக்காது, காலி அறைகளைத் தேர்வு மையமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் வீடு நியூ டவுனில், பிள்ளைகளுக்கு வெகு தூரம்.

"எங்க வீட்டு முன்னறையைத் திறந்து வைக்கேன். ஞாயித்துக்கிழமை ஜெபம் நடக்கிற இடந்தானே. மத்த நாளு சும்மாதான கிடக்கு. நாளைக்கே கூட்டிட்டு வா" என்றார்கள்.

அதே மாலை அந்த வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதி, உதவி கேட்டேன். இத்தனை நாள் வெட்கத்தில் ஒரு வரி எழுதாதவள். நாசிக்கிலிருந்து மீனல் என்ற ஆசிரியை கூப்பிட்டார். முன்பின் தெரியாதவர். "அஞ்சு வாரத்துல தொண்ணூறு வாங்க வைக்க முடியாது. ஆனா பாஸுக்கு மேல கொண்டுபோகலாம். என்கிட்ட நாலு கதைக்கும் வரிவரியா குறிப்பு இருக்கு, இப்பவே அனுப்பறேன்" என்றார். அனுப்பினார். வாரம் இரண்டு நாள் வீடியோவில் வந்து சுருக்கி எழுதும் பயிற்சியும் கொடுத்தார்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஒரு மாணவியின் வீட்டில் தனி ட்யூஷன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு பேர் முகத்தையும் பார்த்து நான் மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னேன். அர்கோ கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சோஹினி பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும், சோஹினி."

அவள் அந்த ஸ்பைரல் பைண்டிங்கை எடுத்து முதல் கதையைத் திறந்தாள். "இந்த ரெண்டாவது பாரா எனக்குப் புரியலை" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பாடம் தொடங்கியது.

அர்கோதான் ஒரு வழி சொன்னான். நான்கு கதைகளையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, முழுக்கப் படித்து மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். நான்காவது கதை நீளமானது, யாருக்கும் வேண்டாம். அதை அவன் எடுத்துக்கொண்டான். மூன்று நாளில் அதைப் படித்து வந்து, வெள்ளைப் பலகை இல்லாததால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி நடத்தினான். கணக்கு இன்னும் முடியவில்லை என்று ஜனவரியில் சொன்ன பையன் அவன். அந்த மூன்று நாளை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

லில்லி அக்கா பதினோரு மணிக்கு ரவா உப்புமாவோ சுண்டலோ கொண்டுவந்து வைப்பார்கள். பிள்ளைகள் அவர்களை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டார்கள். உங்களில் சிலர் வந்து அடுக்களையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபித்தது எனக்குத் தெரியும். ஒருவர்கூட என்னிடம் ஜனவரிச் சாட்சியைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி.

மார்ச்சில் தேர்வு நடந்தது. தேர்வு முடிந்து வந்த பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சுருக்கி எழுதும் பகுதிக்கு நேரம் போதவில்லை என்றார்கள். நான்காவது கதையிலிருந்து பெரிய கேள்வி வந்ததாகச் சோஹினி சொன்னாள். "அர்கோ நடத்தினது அப்படியே ஞாபகம் வந்துச்சு மிஸ்" என்றாள்.

மே மாதம் முடிவுகள் வந்தன. ஏழு பேரும் தேறினார்கள். சோஹினி எழுபத்தொன்று. ப்ரீ போர்டில் அவள் வாங்கியது தொண்ணூற்று நான்கு. ஆனாலும் அவளுக்கு வேண்டிய அறுபதைத் தாண்டிவிட்டாள். அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்து, ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். கிடைத்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அர்கோ ஐம்பத்திரண்டு. மற்றவர்களுக்கு நடத்துவதில் காட்டிய அக்கறையை அவன் தன் எழுத்துப் பயிற்சியில் காட்டவில்லை. அதுவும் என் கண்ணில் படவில்லை. அந்த மதிப்பெண் அவனுடைய மொத்தத்தைக் கீழே இழுத்துவிட்டது. அவன் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை, வேறொன்றில் சேர்ந்திருக்கிறான். சரியான பாடத்திட்டத்தை நான் நடத்தியிருந்தால் அவன் எங்கே இருந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. பெரிய வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் மட்டும் ஜெர்மன் நடத்துகிறேன். அசெம்பிளியில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. இந்த வருடம் முதல் வகுப்பிலேயே போர்டின் பக்கத்தைத் திரையில் திறந்து, பிள்ளைகளை விட்டே பாடத்திட்டத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஏன் மிஸ் என்று கேட்டார்கள். நான் ஒருமுறை வாசிக்காமல் விட்டேன், அதனால் ஏழு பேர் கஷ்டப்பட்டார்கள் என்று சொன்னேன். இப்போது அதைச் சொல்ல முடிகிறது. குடும்ப ஜெபத்தில் வாய் திறந்து ஜெபிக்கிறேன். கர்த்தர் எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான்.

உங்களில் யாராவது ஏதோ ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, அது வெளியே வந்துவிடக் கூடாது என்று ஆண்டவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் கெஞ்சினேன். அந்த நாட்களில் அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் கைவிடவில்லை. நான் கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளும் அழிந்திருப்பார்கள், நானும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருப்பேன். ஒரே ஒரு முறை ஜெபத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல்ல வாய் தாரும் என்று கேளுங்கள். கொடுப்பார். அதற்குப் பிறகு நடப்பது சுலபமாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறைக்குள் நீங்கள் தனியாகப் போகமாட்டீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

கடைசியாக ஒரு ஜெபக்குறிப்பு. முடிவுகள் வந்த பிறகு அர்கோவுக்கு மூன்று முறை எழுதினேன். அவன் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். படிப்பு அவனுக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று ஜெபியுங்கள். அவனை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். சுவரில் காலண்டர் தாளை ஒட்டிக்கொண்டு நின்ற உயரமான பையன்.